மெல்ரோய் வீட்டு வெள்ளைக் கொடிகள்

கடனட்டைக் காசு கேட்டு வருகிறவர்களுக்குத் தண்ணி காட்டுவதில் மெல்ரோயை வெல்ல இந்தத் தீவில் ஆளில்லை. ஏழு மாதத்தில் போனிலேயே இரண்டு தரம் கட்டாருக்குப் போய்விட்டார், ஒரு தரம் சத்திரசிகிச்சைக்குப் படுத்தார், ஒரு தரம் மெல்லிய குரலில் தன் மனைவியாகவே பேசினார். அவர் பெயரைக் கேட்டால் கொழும்பில் அந்த வங்கிக் கட்டடம் ஒரு மாடி தாழ்ந்துவிடும்.

உண்மையில் அவர் உள்துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் திருத்துகிறவர். சத்தத்தை நிறுத்திப் போனைப் பால்மா ரின்னுக்குள் போட்டு வைத்திருப்பார். அது உள்ளே கிடந்து அதிரும்போது எஞ்சினை இன்னும் சத்தமாக ஓடவிடுவார்.

உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் படகோட்டியாக மாதச் சம்பளம் வாங்கிய நாளில் எடுத்த அட்டை. ஹோட்டலை மூடினார்கள். சம்பளம் நின்றது, அட்டை நிற்கவில்லை. அரிசிக்கும் மருந்துக்கும் அதையே தேய்த்தார். மனைவி அருள்மலருக்கு இது தெரியாது, தெரியவும் கூடாது. அவள் கோயில் பெண்கள் சேமிப்புச் சங்கத்தின் தலைவி. தவணை பிந்தின பெண்களைப் பூசை முடிந்த கையோடு முற்றத்தில் நிறுத்தி வைத்து விசாரிக்கிறவள்.

திங்கட்கிழமை வீட்டுக்குப் பின்னால் நின்று போனை எடுத்தார்.

"அண்ணன், இனிப் போன்ல கதை இல்ல," என்றான் வசூலிக்கிற நஸ்ரி. கிண்ணியாக்காரன். குரலில் மரியாதை குறையவில்லை, அதுதான் கூடப் பயமாக இருந்தது. "நாளைக்குப் பத்து மணிக்கு ஊட்டுக்கு வாறன்."

"வீட்டில ஆக்கள் இருப்பினம், தம்பி."

"அதுக்குத்தான் வாறன்."

அடுத்த நாள் அருள்மலர் சந்தைக்குப் போயிருந்தாள். ஒன்பதரைக்குக் கேற்றைத் திறந்தால், ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடி. யாரோ செத்துவிட்டார்கள். பாவம் என்று நினைப்பதற்கு முன்னாலேயே, நஸ்ரி இதைக் கண்டு திரும்பிப் போவான் என்று மனம் சொன்னது. உடனே வெட்கமும் வந்தது. பிறகுதான் பார்த்தார், கடைசிக் கொடி அவருடைய கேற்றிலேயே தொங்கியது.

கொடி கட்டினவன் ஒன்றை மறந்துவிட்டான். இந்த ஊரில் செத்த வீட்டைக் கண்டு எவரும் திரும்பிப் போவதில்லை, உள்ளே வருவார்கள். முன்வீட்டு றொபேட் நாலு பிளாஸ்டிக் கதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் ஹெல்மெட்டைக் கழற்றியபடி நஸ்ரி.

"ஆரு அண்ணன் மௌத்தானது?"

"தெரியாது."

"உங்கட ஊடுதானே?"

"முதல்ல கதிரையை எங்க வைக்கிறதெண்டு சொல்லுங்கோ," என்றார் றொபேட். "ஆர் எண்டு பிறகு பாப்பம்."

அப்போது ஓட்டோவொன்று வந்து நின்றது. அருள்மலர் இறங்கி ஓடி வந்தாள். கையில் மீன் பை, உள்ளே மீன் இல்லை. மெல்ரோயைக் கண்டதும் அவர் நெஞ்சில் ஒரு குத்து விட்டாள். பிறகு அவருடைய சட்டையைப் பிடித்தவள் விடவில்லை.

"நீங்கள் எண்டுதான் சந்தையில சொன்னவை."

ஏழு மாதப் பொய்களெல்லாம் நாக்கில் வரிசையாக நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை.

"ஒருத்தரும் சாகேல்ல, அருள். இந்தத் தம்பி காசுக்கு வந்தவர். அட்டைக் கடன். மூண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்."

அவள் றொபேட்டின் கதிரையில் இருந்தாள். இன்னொரு கதிரையை நஸ்ரியின் பக்கம் தள்ளினாள்.

"தம்பி, நீங்களும் இருங்கோ," என்றாள். "மாதம் பத்தாயிரத்துக்கு மேல ஏலாது. எழுதித் தருவீங்களோ?"

"மேல கேட்டுச் சொல்றன், அக்கா."

"கேளுங்கோ. இனி எனக்குப் போன் அடியுங்கோ. இவருக்கு வேண்டாம்."

பிறகு வெறும் மீன் பையோடு சமைக்கப் போனாள். அவள் எப்போது வெடிப்பாளோ என்று காத்திருந்த மெல்ரோய், இருக்க முடியாமல் பின்னேரம் கொடிகளைக் கழற்றினார். ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு வந்தார். அங்கே இதை எழுதுகிறவன் ஒன்றும் அறியாதவன்போலச் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். கொடியில் அவனுடைய பள்ளிக்கூடச் சட்டையின் பொக்கற் மைக்கறையோடு அப்படியே இருந்தது.

"தகர வேலிக்கு அங்கால நிண்டு என்ர போன் கதை முழுக்கக் கேட்டனீ, என்ன?"

"கொடி சும்மா பகிடிக்கு, அங்கிள்."

"பகிடிக்கெண்டா என்ர சட்டையையெல்லோ வெட்டியிருப்பாய்," என்றார் மெல்ரோய்.