தாதி உடையில் சாப்பிடப் போனேன்

செமோரில் எங்கள் தொலைக்காட்சி நாடகத்தின் படப்பிடிப்பு. அதில் நான் நோயாளிகளைத் தீர்த்துக்கட்டும் தாதி. மதியம் அந்த உடையோடே பக்கத்துக் கடைக்குச் சாப்பிடப் போனேன். அடுத்த மேசைக்காரருக்கு வடை தொண்டையில் சிக்கி மூச்சுத் திணறியது.

“மிஸ்ஸி, சீக்கிரம் வாங்கலா!” என்று அவர் மனைவி என்னை நிஜத் தாதி என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்தார்.

“அக்கா, நான் மிஸ்ஸி இல்ல, நடிகை!”

அது அவர் காதில் ஏறவேயில்லை. அவர் கணவரைக் குனியவைத்து முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினேன். நல்லவேளை, வடைத்துண்டு வெளியே வந்து விழுந்தது.

நிமிர்ந்தவர் என் முகத்தைப் பார்த்து அலறினார். “ஐயோ, நீங்களா! டிவியில உங்க கையில ஒருத்தனும் பிழைச்சதில்லையே!”

கடையே சிரித்தது.

இப்போதெல்லாம் உடை மாற்றாமல் வெளியே போவதில்லை. ஈப்போவில் முதலுதவி வகுப்பிலும் சேர்ந்துவிட்டேன். முதல் நாள் என் பக்கத்தில் உட்காரத்தான் யாருக்கும் துணிச்சல் வரவில்லை!