ஃப்ரூமா எழுதிய பரீட்சை

என் மனைவி ஃப்ரூமா, இங்கிலாந்தில் சால்ஃபோர்டில் ஒரு யூதப் பள்ளியின் சமையலறையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தாள். பதினைந்து வயதில் படிப்பை விட்டவள். நாற்பத்து நான்கில், பிரசவம் பார்க்கும் வேலைக்குப் படிக்க ஆசை வந்தது. அதற்கு ஐந்து பாடங்களில் தேறவேண்டும். மாலைக் கல்லூரியில் சேர்ந்து நான்கில் தேறினாள். தோற்றது சமயப் பாடத்தில்.

"யூத சமயத்துல ஃபெயிலான யூதப் பொம்பள உலகத்துலயே நான் ஒருத்திதான்" என்று அவளே சிரித்தாள்.

துக்க முறைகள் பற்றிய பாடத்தை அவள் திறக்கவே இல்லை. வீட்டில் சாவு விழாதவரை எங்கள் ஆட்கள் அதைப் படிப்பதில்லை. சாவைக் கூப்பிட்டது போலாகும் என்ற பயம். பன்னிரண்டு மதிப்பெண் கேள்வி அங்கிருந்துதான் வந்தது.

மறு வருடம் நான்தான் அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்தேன்.

"மூடு ஹெர்ஷல். எங்கம்மா உயிரோட இருக்கா."

"உங்கம்மா நம்ம எல்லாரையும் புதைச்சிட்டுத்தான் போவா. படி."

"வாயைக் கழுவு!"

ஆனாலும் படித்தாள். அவள் உருளைக்கிழங்கு தோல் சீவ, நான் கேள்வி கேட்பேன்.

"சாவு வீட்டுல எத்தனை நாள் தாழ்வான நாற்காலில உக்காரணும்?"

"ஏழு. உன்னால ஏழு நிமிஷம் உக்கார முடியாது."

பரீட்சை முடிந்து வந்தவள், "எல்லாம் எழுதிட்டேன்" என்றாள். ஜூலையில், வேலை செய்துகொண்டிருந்தபோதே மூளையில் ரத்தம் கசிந்து இறந்தாள். ஏழு நாளும் உட்கார்ந்தேன். பக்கத்தில் தாழ்வான நாற்காலியில் அவள் அம்மா. பாடப்புத்தகம் ஆளைக் கொல்லாது என்று எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

பரீட்சை முடிவு வரும் நாளில் தனக்கு வேலை இருக்கும் என்று, அதை என்னிடம் தரச்சொல்லி முன்கூட்டியே கடிதம் எழுதி வைத்திருந்தாள். ஆகஸ்டில் அதை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். அலுவலகப் பெண் கையெழுத்தைச் சரிபார்த்து உறையைக் கொடுத்தார். அங்கேயே பிரித்தேன். ஒன்பது வரை போகும் தரவரிசையில் நான்கு எடுத்தால் தேர்ச்சி. அவள் எடுத்தது எட்டு.

"அட, பிரமாதம்! அடுத்து என்ன படிக்கப் போறாங்க?"

"பிரசவம் பாக்கறதுக்கு. செப்டம்பர்ல சேர்றா" என்றேன்.

"என் வாழ்த்தைச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.