எழுபது வளைவுகளும் ஒரு முழங்காலும்

2004 ஆகஸ்டு மாதத்து ஞாயிறு. காலை ஆறரைக்குச் சேந்தமங்கலத்தில் செம்மேடு பஸ் ஏறினோம், நானும் மகள் பர்வீனும். ஆளுக்குப் பதினான்கு ரூபாய்.

பர்வீனுக்கு இருபது வயது. சென்னையில் ஒரு கால்பந்து அணிக்கு மாதச் சம்பளத்தில் ஆடுகிறாள். லீவில் வந்தவளைச் செம்மேட்டு இளைஞர்கள் காட்சி ஆட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். போன வருடம் இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம் வீட்டில் கிடந்தவள். அதே இடத்தில் மறுபடி அடிபட்டால் ஆட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை சென்னையில் பயிற்சி. இந்த வருடம் யாரை வைத்துக்கொள்வது என்று அங்கேதான் முடிவாகும். மனசு கேட்காமல் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நானும் கிளம்பினேன்.

பந்து அவள் மடியில் இருந்தது.

“ஏனுங்க பாய், மடில இருக்கறதுக்கு அரை டிக்கெட்டுங்களா?” என்றார் கண்டக்டர்.

“கைக்கொழந்தைங்கண்ணா. டிக்கெட் கெடையாது,” என்றாள் பர்வீன். பஸ்ஸே சிரித்தது.

காரவள்ளியில் மலை தொடங்குகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. பாதி வழியில் காது அடைத்தது. சோளக்காட்டில் பலாப்பழமும் மிளகு மூட்டையும் ஏறின. ஒன்பதேகாலுக்குச் செம்மேடு. இரவு பெய்த மழையில் செம்மண் ஊறிக் கிடந்தது.

மைதானத்துக்கு ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் காப்பிச் செடிகள் நிறைந்த சரிவு. பதினோரு மணிக்கு விசில் ஊதுவதற்கு முன் நடுவர் சொன்னார்: “இங்க ஒரு சட்டமுங்க. பந்தக் கீழ உட்டவங்கதான் எடுத்தாரோணும்.”

பர்வீன் நன்றாகவே ஆடினாள். மூன்று பேரைத் தாண்டிப்போய் அவள் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்து சரிவில் மறைந்தது.

“மெட்ராஸ் பந்து மெட்ராஸுக்கே போயிருச்சுடோய்,” என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

அவளும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து “அத்தா” என்று அவள் என்னைக் கூப்பிட்டது கேட்டது. ஒரே ஒரு தடவை.

காப்பிச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அவளைத் தூக்கி வந்தார்கள். பந்தை நெஞ்சோடு பிடித்திருந்தாள். முழங்கால் அதற்குள் வீங்கியிருந்தது.

“மடக்கிப் பாரு சாமி,” என்றாள் ஒருத்தி. மடங்கவில்லை. ஆட்டத்தில் யாரும் அவளை இடிக்கவில்லை, தட்டிவிடவில்லை. பந்து எடுக்கப் போன இடத்தில் மண் வழுக்கிவிட்டது.

ஒன்றரை மணி பஸ்ஸில் காலையில் வந்த அதே கண்டக்டர். முன் சீட்டில் எங்களை உட்கார வைத்தார். பர்வீன் காலை, பூட்ஸும் மாற்றுத்துணியும் கொண்டுவந்த பெட்டிமேல் நீட்டி, முழங்காலுக்கு அடியில் பந்தை அண்டை கொடுத்துக்கொண்டாள். முதல் வளைவிலேயே பந்து உருண்டது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். கண்டக்டர் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிப் பந்துக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார். அரை டிக்கெட் பேச்சை எடுக்கவில்லை.

“மாட்டு வண்டியா ஓட்டறீங்க?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“புள்ளைக்குக் கால்ல அடிங்க. பேசாம வாங்க,” என்றார் கண்டக்டர்.

போகும்போது வேடிக்கை பார்த்த பலகைகளை இப்போது ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தேன். காரவள்ளியில் வெயில் முகத்தில் அடித்தது. வலிக்கிறதா என்று கேட்டேன்.

“வியாழக்கிழமை வரமாட்டேன்னு நீங்களே போன் பண்ணிச் சொல்லிருங்கத்தா,” என்றாள்.

அதன் பிறகு ரோடு நேராகத்தான் போனது. இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடுகள். மலையைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

சேந்தமங்கலத்தில் அவளைத் தாங்கி இறக்கிய பிறகு, கண்டக்டர் பந்தை எடுத்து ஜன்னல் வழியாக அவளிடம் நீட்டினார். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் வாங்கிக்கொண்டேன்.