குதிகால் வேண்டுதல்

ஜோசலினுக்குக் காலையில் கட்டிலை விட்டு இறங்குவதுதான் பெரிய பாடு. முதல் அடி வைத்ததும் இடது குதிகாலில் ஆணி இறங்கியது போல வலிக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்தால் தணியும். சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி வந்துவிடும். தாம்பரத்துக் கல்லூரி ஒன்றின் கெமிஸ்ட்ரி லேபில் இருபத்தாறு வருடம் சிமென்ட் தரையில் நின்ற கால் அது.

கணவர் மெர்வின்தான் எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனார்.

"குதிகால்லேர்ந்து விரல் வரைக்கும் அடியில ஒரு பட்டை போகுதும்மா. நின்னு நின்னு அது புண்ணாயிருக்கு," என்றார் டாக்டர். "ஊசியெல்லாம் இப்ப வேணாம். வெறுங்கால்ல நடக்காதீங்க. வீட்டுக்குள்ளயும் மெத்துனு செருப்பு போடுங்க. கெண்டைக்காலை இழுத்து விடற எக்சர்சைஸ் தினமும் பண்ணுங்க. பொறுமையா பண்ணா நிறைய பேருக்குச் சரியாயிடும். சுகர் எவ்ளோ?"

"நார்மல்தான் டாக்டர்."

சுகர் பார்த்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மாத்திரை இருந்தது, ஆனால் கல்யாணம், ஞானஸ்நானம், பிறந்தநாள் என்று வெளியே போனால் போடமாட்டாள். கேக் சாப்பிடுகிற நாளில் மாத்திரை போட்டு என்ன ஆகப்போகிறது என்பது அவள் கட்சி. கீழ்க்கட்டளையில் அவர்கள் குடியிருந்த தெருவிலோ வாரம் ஒரு கேக் வெட்டினார்கள்.

எக்சர்சைஸ் பதினோரு நாள் நடந்தது. ஐஸாக உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைக் காலடியில் போட்டு உருட்டச் சொல்லியிருந்தார்கள். அந்த பாட்டில் ஐஸை மெர்வின் உடைத்து எலுமிச்சை ஜூஸில் போட்டுக் குடித்துவிட்டார். அத்தோடு வைத்தியம் முடிந்தது. அந்த ஞாயிறு பூசையில் ஜோசலின் முட்டி போட்டு வேண்டிக்கொண்டாள். இந்த வலி போகட்டும் மாதாவே, கொடியேற்றத்துக்கு பெசன்ட் நகர் மாதா கோயில் வரைக்கும் வெறுங்காலோடு நடந்து வருகிறேன்.

வலி போனது. ஒரே நாளில் இல்லை. மாதாமாதம் குறைந்து, அடுத்த வருடம் ஈஸ்டருக்குள் சுத்தமாகக் காணோம். செருப்பு காலை விட்டுக் கழன்று போவதுகூடத் தெரியாமல் லேபில் நாலடி போய்விடுவாள். "மேடம், உங்க செருப்பு அங்க கெடக்கு," என்பாள் லெக்சரர் ஸ்ரீவித்யா. இருவரும் சிரிப்பார்கள். அன்றைக்கே ஒருத்தராவது பயந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி காவிப் புடவை கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பினாள். வேளச்சேரி தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. கூட வந்தவர்கள் தார்ச் சூடு தாங்காமல் நிழல் தேடித் தேடித் தாவினார்கள். ஜோசலின் மட்டும் நடு ரோட்டில் ராணி மாதிரி நடந்தாள். "உங்க விசுவாசம் பெரிசுக்கா," என்றாள் ஒருத்தி. ஜோசலினுக்குப் பெருமை பிடிபடவில்லை.

கொடியேற்றம் பார்த்துவிட்டு ஆட்டோவில் வீடு திரும்பினாள். சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஹாலிலிருந்து மெர்வினின் குரல் கேட்டது.

"ஜோ, யாருக்கு ரத்தம்?"

"ரத்தமா? எங்கங்க?"

வாசலிலிருந்து சமையலறை வரை வெள்ளை டைல்ஸில் ஒற்றைக் காலாகச் சிவப்பு விழுந்திருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். அது அவள் இடது காலில் வந்து நின்றது. பெருவிரலுக்குக் கீழே ஒரு பாட்டில் சில்லு முழுசாகப் புதைந்திருந்தது. பாதம் பூராவும் கொப்புளம்.

ஆஸ்பத்திரியில் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நரம்பு ஒன்றால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டார்கள். இரண்டு இடத்தில்தான் தொட்டது தெரிந்தது. சுகர் முந்நூற்றெண்பது.

"குதிகால் வலி தானாவும் போயிருக்கலாம். உணர்ச்சி போனதால தெரியாமலும் இருந்திருக்கலாம். இப்ப சொல்ல முடியாது," என்றார் அங்கிருந்த டாக்டர். "காலுக்கு வலிதாம்மா வாட்ச்மேன். இனிமே தினம் கண்ணாடி வச்சு உள்ளங்காலைப் பாருங்க. செருப்பு போடறதுக்கு முன்னாடி உள்ள கைவிட்டுத் தடவிப் பாருங்க. இந்தப் புண்ணு ஆறுச்சுன்னா சரி. ஆறலைன்னா விரலை எடுக்கணும்."

அழுகை வரும் என்று ஜோசலின் காத்திருந்தாள். பஸ் நிற்காத ஸ்டாப்பில் நிற்பது போல இருந்தது. பயமும் வரவில்லை. மாதா மேல் கோபமும் இல்லை, கேட்டதைத்தானே கொடுத்தாள். உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஒன்றுமில்லை. மாத்திரையையும் ஊசியையும் மட்டும் இப்போது ஒரு வேளைகூட விடாமல் போட்டுக்கொண்டாள்.

மெர்வின்தான் ஆடிப்போனார். இரண்டு நாளுக்கு ஒருமுறை டிரெஸ்ஸிங்குக்கு அழைத்துப் போனார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பார்த்தார். பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: "வலிக்குதா ஜோ?" இல்லை என்றால் மறுநாள் வரை அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஐஸ் பாட்டிலைக் குடித்ததை அவர் ஒருமுறைகூடப் பேசவில்லை. ஆனால் இப்போது ஃபிரிட்ஜில் நான்கு பாட்டில் உறைந்து கிடந்தன, எதற்கும் உதவாமல்.

ஆறாவது வாரம். புண் அப்படியேதான் இருந்தது. டிரெஸ்ஸிங் கட்டிலில் படுத்த ஜோசலின் வழக்கம்போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸ் அபிகாயில் கால்மாட்டில் ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. மெர்வின் தலைமாட்டில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா ஜோ?"

ஜோசலின் முகத்தைச் சுளித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஸ்ஸ்... மெதுவா சிஸ்டர்... வலிக்குதுங்க," என்றாள்.

"வலிக்குதா? நெஜமாவா? ஸ்தோத்திரம்!" மெர்வின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

அபிகாயில் அவர்கள் இருவரையும் பார்த்தாள். அவள் இன்னும் கையுறையே மாட்டவில்லை. மாட்டிக்கொண்டு, பழைய கட்டை அவிழ்க்க அப்போதுதான் காலைத் தொட்டாள்.