கன்னியப்பனின் ஷூவைக் கழற்றியவள்

என் தங்கை லுப்னாவுக்கு வாய்க்கு முன்னால் கை போய்விடும். பஸ்ஸில் என் துப்பட்டாவை இழுத்தவனின் மூக்கை அவள் உடைத்தபோது அவளுக்குப் பத்து வயது. நான் எட்டாவதோடு தையல் மிஷினில் உட்கார்ந்தேன். அவள் பாலிடெக்னிக் முடித்து, ஆம்பூரில் நான் வேலை செய்யும் அதே ஷூ கம்பெனியில் டிசைன் போட வந்தாள். எங்கள் குடும்பத்தில் லேப்டாப்பில் சம்பாதித்த முதல் ஆள்.

தோலில் மண் படக் கூடாது என்று நாங்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் ஷெட்டுக்குள் போவோம். சில வாரங்களாக மிஷினைத் தொட்டால் சுரீரென்றது. ஆளுக்கொரு ரப்பர் ஷீட் துண்டைக் காலடியில் போட்டுச் சமாளித்தோம். எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டு பையர் வந்த அன்று சூப்பர்வைசர் கன்னியப்பன் அவற்றைக் குப்பையென்று வாரச் சொல்லி, தரையையும் ஈரமாகத் துடைக்கவைத்தார்.

சார்ஜில் இருந்த லேப்டாப்பின் உலோக மூடி மேல் மணிக்கட்டை வைத்த லுப்னா கையை உதறிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆபா, நேத்து எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. இன்னிக்குக் கடிக்குது. எர்த் போயிருக்கு, ஏதோ மிஷின்ல கரண்ட் லீக்காவுது. எல்லா மிஷினுக்கும் வரும்."

என் பக்கத்தில் நிறைமாத ஜாஸ்மின் ஈரத் தரையில் வெறுங்காலோடு தைத்துக்கொண்டிருந்தாள்.

லுப்னா கன்னியப்பனிடம் மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொன்னாள்.

"இன்னாம்மா, லேப்டாப்பு கிச்சுகிச்சு மூட்டுதா? பையர் கேட்டாண்ட வந்துட்டாரு. போய் உக்காரு."

"நீ ஷூ போட்டுக்குனு நிக்கிற. உனக்கு இன்னா தெரியும்?"

அவளே மெயினை நோக்கி நடந்தாள். கன்னியப்பன் அவள் பின்னலைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார். உதடு கிழிந்தது. லுப்னா மேசையிலிருந்த சுத்தியலால் அவர் மணிக்கட்டில் அடித்தாள். அவர் அவள் வயிற்றில் உதைத்தார். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. ஜாஸ்மினையும் இழுத்துக்கொண்டு எழுந்தேன். ஷெட்டே எழுந்தது. நாங்கள் அவரைத் தரையில் சாய்த்து அமுக்கினோம். லுப்னா அவர் ஷூவையும் சாக்ஸையும் உருவி எறிந்தாள்.

"இப்பத் தொடு, பாக்கலாம்!"

"பேஜார் புடிச்சவளுங்களா, இதுக்கா இவ்ளோ ஆட்டம்?"

நாங்கள் விட்டதும் எழுந்து வந்து வீம்புக்கு லேப்டாப்பின் மேல் ஓங்கி அறைந்தார். கரண்ட் தூக்கியடித்ததில் பின்னால் விழுந்து, மிஷின் மேசையில் மண்டை உடைந்தது. ரத்தம் வழிய அவரே கத்தினார்:

"மெயின ஆஃப் பண்ணுங்கடி!"

லுப்னா அணைத்தாள். பையர் இருட்டுக்குள்தான் நுழைந்தார்.

பையர் வருகைக்காகச் சில வாரங்களுக்கு முன்பே வாசலில் செடி நடத் தோண்டியபோது எர்த் கம்பியை வெட்டியிருந்தார்கள். அன்று மாலையே மேனேஜர் லுப்னாவை வேலையை விட்டு நிறுத்தினார். அவள் உடனே போகவில்லை. கம்பியை இணைத்து, பழுதான மிஷினை வெளியே தூக்கிப்போட்டு, டெஸ்டரை ஒவ்வொரு மிஷினிலும் வைத்துப் பார்த்தாள். ஜாஸ்மின் தன் மிஷினில் மறுபடி உட்கார்ந்த பிறகுதான் லுப்னா செருப்பை மாட்டிக் கிளம்பினாள்.