எடைக்கல் இளைத்த பத்து நாள்

எங்கள் கம்பெனியில் அவரை எல்லோரும் எடைக்கல் என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருட சர்வீஸ், நூற்றாறு கிலோ. வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், அதனால் எனக்கு அண்ணன். பன்னிரண்டு வருடமாக நாங்கள் ஒரே ஜோடி.

பட்டப்பெயர் வந்த காரணத்தைச் சொன்னால் எங்கள் குட்டும் வெளிப்படும். பரவாயில்லை, அது வெளிப்பட்டு நாளாகிறது. லிஃப்ட்டில் ஆள் அதிகமானால் மணி அடிக்கிறதல்லவா? அதற்குத் தரைக்கடியில் ஒரு சென்சார் இருக்கும். கனம் என்றால் என்னவென்று அதற்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். காலி லிஃப்ட்டைக் காட்டி, இது பூஜ்யம் என்று ஒரு பட்டனை அழுத்துவோம். பிறகு எடை தெரிந்த ஒரு பொருளை உள்ளே வைத்து, இது இத்தனை கிலோ என்று எண்ணைத் தட்டுவோம். மீதியை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். எடை தெரிந்த பொருள் என்பது, விதிப்படி, இருபது கிலோ இரும்புக் கட்டிகள். அவை எங்கள் ஸ்டோரின் கடைசி அறையில் கிடக்கின்றன. பத்துக் கட்டியை வண்டியில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினால் அன்றைக்கு இடுப்பு கழன்றுவிடும்.

அதனால் நாங்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தோம். அண்ணன் லிஃப்ட்டுக்குள் ஏறி நிற்பார். நான் மேலே மெஷின் ரூமில் 106 என்று தட்டுவேன். வேலை முடிந்தது. எட்டு வருடமாக அவர் எடை ஒரு கிலோ ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அவ்வளவு ஒழுங்காகச் சாப்பிடுகிறவர். இரும்புக் கட்டியாவது துருப்பிடிக்கும், அண்ணனுக்கு அந்தக் குறையும் கிடையாது. இது தப்பு என்று இருவருக்கும் தெரியும். தெரிந்தே செய்கிற தப்புக்கு எங்கள் தொழிலில் அனுபவம் என்று பெயர்.

போன வருடம் புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார். வந்த கையோடு எல்லோருக்கும் புது சேஃப்டி பெல்ட் கொடுத்தார். பெல்ட்டின் ஓரத்தில் ஒரு சின்னச் சீட்டு தைத்திருந்தது: அதிகபட்சம் நூறு கிலோ. மறுநாள் நோட்டீஸ் போர்டில் உத்தரவும் வந்தது. இரண்டு வாரம் கழித்து எல்லோருக்கும் எடை பார்க்கப்படும். நூறைத் தாண்டியவர்கள் லிஃப்ட்டின் கூரைமேல் ஏறக்கூடாது. அவர்களுக்கு ஸ்டோரில் வேலை தரப்படும்.

லிஃப்ட்டின் கூரைமேல் நின்று வேலை செய்வது என்னவென்று வெளியாட்களுக்குத் தெரியாது. நான்கு பக்கமும் சுவர், மேலே இருட்டு, கீழே அதைவிட இருட்டு, கையில் கிரீஸ். அண்ணனுக்கு அதுதான் ராஜாங்கம். கம்பிவடத்தைத் தொட்டுப் பார்த்தே எந்த இழை நைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவரைத் தூக்கி ஸ்டோர் நாற்காலியில் போடுவதென்றால் எனக்கே பொறுக்கவில்லை.

"தம்பி, அங்க உக்காந்து நட்டு போல்ட்டு எண்ணிக்கிட்டு இருந்தா நான் ஒரே வருஷத்துல செத்துருவேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

ஆறு கிலோ. இரண்டு வாரம். இந்த நேரத்தில்தான் ஜூஸ் டாக்டர் வந்து சேர்ந்தார்.

நாங்கள் பராமரிக்கிற பன்னிரண்டு மாடி ஆபீஸ் கட்டடத்தில், தரைத்தளத்தில் லிஃப்ட்டுக்கு எதிரே அவர் கடை. வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார், அதனால் டாக்டர். படித்தது எதுவென்று யாரும் கேட்டதில்லை. கோட்டின் நடுப் பட்டன் மட்டும் எப்போதும் போடாமல் இருக்கும். அதைப் போடவிடாத வயிறு கோட்டுக்கு முன்னாலேயே கல்லாவுக்கு வந்துவிடும்.

"பத்து நாள், பத்து கிலோ. ஒரு நாளைக்கு ஆறு பாட்டில், வரிசையா நம்பர் போட்டிருக்கும். வேற எதையும் வாயில வைக்கக் கூடாது. உடம்புல சேந்த கழிவெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிரும்" என்றார்.

"அதுக்குத்தான கிட்னி இருக்கு?" என்று கேட்டேன்.

"கிட்னிக்கும் லீவு வேணாமா தம்பி? நீங்க லீவு எடுக்கறதில்ல?"

கிட்னி லீவு எடுத்தால் ஆள் நிரந்தர லீவில் போவான் என்பது எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தோன்றியது. நமக்குச் சரியான பதில் என்றைக்கு நேரத்தில் வந்திருக்கிறது? அண்ணன் அதற்குள் அறுபது பாட்டிலுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்.

அண்ணி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். அளவு நாடா கழுத்தில் தொங்கத் தொங்கத்தான் பேசுவார். "ராத்திரி ரெண்டாவது தட்டு சோறு வேணாம், சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் நடங்கன்னு பத்து வருஷமா சொல்றேன். அது காதுல ஏறல. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் சோறே வேணாம்னா உடனே சரிங்கறாரு" என்றார் என்னிடம். ஐந்தாம் நாள் அண்ணன் பெருமையாக ஒரு பேன்ட்டைக் கொண்டுவந்து இடுப்பைப் பிடிக்கச் சொன்னபோது, அண்ணி மேலாக நூலோட்டிக் கொடுத்தார். துணியை வெட்டவில்லை. "எப்படியும் பிரிக்கணும்" என்றார்.

முதல் நாள் அண்ணன் பாட்டிலைத் தூக்கிக் காட்டிக் காட்டிக் குடித்தார். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று சேற்று நிறம். இரண்டாம் நாள் தலைவலி. கழிவு வெளியேறுகிறதற்கு அறிகுறி என்று ஜூஸ் டாக்டர் போனில் சொன்னார். மூன்றாம் நாள் ஸ்பேனரைத் தவறாக எடுத்துக் கொடுத்ததற்காக என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். அதற்கும் கழிவுதான் காரணமாம். அந்த ஆளிடம் என்ன கேட்டாலும் கழிவு என்ற ஒரே பதில்தான். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று பெரியவர்கள் சொன்னதை நம்ப மாட்டோம், பாட்டிலில் அடைத்து விற்றால் வரிசையில் நின்று வாங்குவோம்.

நான்காம் நாளிலிருந்து இன்னொரு வியாதி பிடித்தது: உபதேசம். நான் டிபன் பாக்ஸைத் திறந்தால் போதும், "அதுல எவ்வளவு விஷம் இருக்குன்னு தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். பேச்சு விஷத்தைப் பற்றி இருக்கும், கண் என் முட்டைமேல் இருக்கும். பாதியைப் பிய்த்து நீட்டினால் எழுந்து போய்விடுவார்.

எட்டாம் நாள்தான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில், ஒன்பதாவது மாடி உயரத்தில் இருவரும் கூரைமேல் நின்றிருந்தோம். அண்ணன் குனிந்து கம்பிவடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர், நிமிரும்போது அப்படியே பின்னால் சரிந்தார். நான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். முகம் முழுக்க வியர்வை. சுவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற இடைவெளி. பெல்ட்டைப் போடுகிற தகுதிக்காகத்தான் இந்த மனிதர் பட்டினி கிடந்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் அவரைத் தாங்க பெல்ட் தேவைப்பட்டதில்லை. பட்டினி கிடந்த எட்டாவது நாள் தேவைப்பட்டது.

"போதும் அண்ணே, நிறுத்துங்க. ஒரு வாய் சோறு சாப்பிடுங்க" என்றேன்.

"இன்னும் ரெண்டே நாள்டா. விட்டா ஸ்டோர்" என்றார்.

மறுநாள் அதே கட்டடத்தில் சென்சார் மாற்ற வேண்டியிருந்தது. அவரைக் கூரைமேல் ஏற நான் விடவில்லை. "நீங்க உள்ள நில்லுங்க, அது போதும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் உள்ளே சுவரில் சாய்ந்து நின்றார். நான் மெஷின் ரூமுக்குப் போனேன். பூஜ்யம். அடுத்து, எட்டு வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய் 106 என்று தட்டியது. நோட்டிலும் அதையே எழுதினேன். எடை குறைப்பதற்காகவே பட்டினி கிடக்கிற மனிதரை நிறுத்திவைத்துப் பழைய எடையைத் தட்டியிருக்கிறேன். என் புத்திக்குத்தான் அந்த ஜூஸை முதலில் கொடுத்திருக்க வேண்டும். கீழே நின்றவருக்கும் உறைக்கவில்லை. அவருக்கு அன்றைக்கு நிற்பதே பெரிய காரியமாக இருந்தது.

பத்தாம் நாள் எடை பார்த்தார்கள். தொண்ணூற்றெட்டு. எல்லோரும் கைதட்டினார்கள். எடையைக் குறித்துக்கொண்ட கம்பெனி நர்ஸ் மட்டும் அவர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"இதுல பாதிக்கு மேல தண்ணி. கொஞ்சம் தசையும் போயிருக்கும். நாலு நாள் ஒழுங்கா சாப்பிட்டா வந்துரும்" என்றார்.

"அப்ப இந்த எடை செல்லாதா சிஸ்டர்?"

"செல்லும். என்னை எடையைத்தான் எழுதச் சொல்லியிருக்காங்க. எப்படிக் குறைஞ்சுதுன்னு எழுத இதுல கட்டமே இல்ல."

அன்று மத்தியானம் அண்ணன் சாப்பிட்டதை நான் விவரிக்கப் போவதில்லை. கண் பட்டுவிடும்.

அடுத்த வாரம் அந்த ஆபீஸ் கட்டடத்திலிருந்து புகார் வந்தது. எட்டுப் பேர் ஏறுகிற லிஃப்ட்டில் எட்டாவது ஆள் காலை வைத்ததும் மணி அடிக்கிறதாம். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அங்கே மணி மட்டும்தான் இருந்தது, யானை யாரென்று தெரியாமல் எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போன மாதம் வரை ஒன்றாக ஏறி இறங்கியவர்கள். கடைசியாக ஏறியவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருவார். வந்ததும் எதிரே என்ன கடை? ஜூஸ் கடை. மனிதர்கள் லிஃப்ட்டைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் தங்கள் இடுப்பைச் சந்தேகப்பட்டார்கள். ஆறாவது மாடி முழுவதும் பாட்டிலும் கையுமாக அலைந்தது. ஜூஸ் டாக்டர் காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டார், கூடுதலாக இரண்டு மிக்ஸர் வாங்கினார்.

அவர்களுக்கு எடை ஒன்றும் ஏறவில்லை. தொண்ணூற்றெட்டை நூற்றாறு என்று கற்றுக்கொண்ட சென்சார், ஏறுகிற ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு எட்டு வீதம் கூட்டிச் சொன்னது. அவ்வளவுதான் விஷயம்.

பாதுகாப்பு அதிகாரி இரும்புக் கட்டிகளோடு நேரில் வந்தார். கட்டியை அடுக்கிப் பார்த்ததும் தப்பு தெரிந்துவிட்டது. நோட்டைப் புரட்டினார். "நூத்தியாறுன்னு எழுதியிருக்கு. கட்டி ஒவ்வொண்ணும் இருபது கிலோ. நூத்தியாறு எப்படி வரும்?" என்று என்னைக் கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், இருபதால் வகுபடாத எண்ணை நோட்டில் மறைக்க முடியாது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் வந்தார்.

"நான்தான் சார் அந்தக் கட்டி" என்றார்.

அதிகாரி சிரிக்கவில்லை. சென்சாரைச் சரிசெய்தார், கட்டிகளை இறக்கச் சொன்னார், அண்ணனை உள்ளே நிற்கச் சொன்னார். திரையில் 104 வந்தது. எடை பார்த்துப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது.

"இது நூத்திநாலு. அன்னைக்கு தொண்ணூத்தெட்டு. எது உங்க எடை?"

"ரெண்டும் என்னோடதுதான் சார். அது பசியோட எடை, இது ஆளோட எடை."

கூரைமேல் மயங்கியதையும் அவரே சொன்னார். யாரும் கேட்கவில்லை. அதிகாரி பெல்ட்டைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார். "நிதானமா குறைங்க. நூறுக்குக் கீழ வந்து மூணு மாசம் அங்கயே நின்னீங்கன்னா, நானே இதைத் திருப்பித் தரேன்" என்றார். நியாயமான மனிதர்தான். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. இரும்புக் கட்டிகளை இப்போது நான்தான் தூக்குகிறேன்.

அண்ணன் ஸ்டோருக்குப் போனார். ராத்திரி இரண்டாவது தட்டை நிறுத்தியிருக்கிறார், அண்ணியோடு நடக்கவும் போகிறார். மாதத்துக்கு ஒரு கிலோ இறங்குகிறது. யாரும் கைதட்டுவதில்லை. கூரைமேல் புதிதாக வந்த ஒருவரோடு நிற்கிறேன். நல்ல பையன்தான், ஆனால் கம்பிவடத்தைத் தொட்டுப் பார்க்கத் தெரியவில்லை. அண்ணன் இல்லாத லிஃப்ட் குழி எனக்கு வெறும் குழியாகத்தான் தெரிகிறது.

போன மாதம் அந்தக் கட்டடத்துக்கு ஒரு பேரிங் தேவைப்பட்டது. ஸ்டோரிலிருந்து அண்ணனே எடுத்துக்கொண்டு வந்தார். கீழே லிஃப்ட்டில் ஏறினோம். ஆறாவது மாடி ஆட்கள் ஆறு பேர் பின்னாலேயே ஏறினார்கள். மொத்தம் எட்டு. கதவு மூடியது, மணி அடிக்கவில்லை. எல்லோர் முகத்திலும் பரீட்சையில் தேறிய களை.

பக்கத்தில் நின்ற பெண் அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள். "முன்னெல்லாம் எட்டாவது ஆள் ஏறினாலே மணி அடிக்கும்ண்ணே. இப்ப பாருங்க, உங்களையும் சேத்து ஏறியிருக்கோம், சத்தமே இல்ல. எல்லாம் எதிர்க்கடை ஜூஸ்தான். நீங்களும் குடிச்சுப் பாருங்க" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் கையை அழுத்தினார்.

"குடிச்சேன்மா. அதனாலதான் மேல ஏற முடியாம உங்களோட உள்ள நிக்கறேன்" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. ஆறாவது மாடி வந்தது. இறங்கும்போது திரும்பி, ரொம்ப அன்பாகச் சொன்னாள்:

"அப்ப இன்னும் ஒரு பத்து நாள் குடிங்கண்ணே."