அக்காவுக்காக நான் போட்ட கையெழுத்து

என் அக்காவைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருபத்திரண்டு வருடம் ஒரே தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைத்தவள். ஒருமுறை ஊசி விரலுக்குள் இறங்கியபோதுகூட, துணியில் ரத்தம் பட்டுவிட்டதா என்றுதான் முதலில் பார்த்தாள். கம்பெனியில் அவளுக்குப் பெயரே காலரக்கா. பக்கத்து மெஷினில் நான்.

டீ இடைவேளையில் எல்லாரும் ஓடுவோம். அவள் மட்டும் மெஷின்மேல் நெற்றியை வைத்து ஒரு நிமிடம் ஜெபம் செய்வாள்.

"உன் ஆண்டவருக்கும் ஒரு டீ வாங்கட்டுமா?" என்பேன்.

"அவருக்குச் சக்கரை கம்மியா" என்பாள்.

எனக்கு ஜெபமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அம்மா இறந்த அன்றே எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

அப்போதுதான் அரசாங்கத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஜெபக்கூடத்துக்குப் போகிறவர்களுக்கு எந்தக் கம்பெனியிலும் வேலை கிடையாதாம். 'எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை' என்று அச்சடித்த தாளில் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் வேலை தப்பும். என்ன அநியாயம்! காலர் வைப்பதற்கும் கடவுளுக்கும் என்னய்யா சம்பந்தம்?

அக்கா அந்தத் தாளைத் தொடக்கூட இல்லை. அவள் புருஷன், என் மாமா, ஒரு வருடமாகப் படுத்த படுக்கை. இவள் சம்பளத்தில்தான் மருந்து.

"ஆண்டவரு பாத்துக்குவாரு" என்றாள்.

"எப்ப? மாமா போய்ச் சேந்த பெறகா?"

"எல்லாம் ஆண்டவர் கையில இருக்குடி. இந்த மேனேஜர் கையில இல்ல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெள்ளிக்கிழமை மதியம், அவள் கை கழுவப் போன நேரத்தில், தாளில் அவள் பெயரை நானே எழுதி மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன். நல்லதுதானே செய்தேன்?

சாயங்காலம் அந்த ஆள் அவள் பக்கத்தில் வந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி, "காலரக்காவே போட்டுட்டாங்க. மத்தவங்களுக்கு என்ன கேடு?" என்றான். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவளோடு ஜெபக்கூடத்துக்குப் போகிற பட்டன் தைக்கும் பெண் அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். நான் சாகிறவரை அதை மறக்கமாட்டேன்.

அக்கா எழுந்தாள். "அது என் கையெழுத்து இல்ல சார்."

"பின்ன யாரு போட்டது?"

"அத நான் சொல்லமாட்டேன். ஆனா ஜெபத்துக்குப் போவேன்."

அன்றைக்கே அவளை வெளியே அனுப்பினார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"நான் அவர நம்பித்தானடி இருந்தேன்? அவருக்கு வேல செய்யத் தெரியலன்னு நீ ஒத்தாசைக்குப் போனியா?" நடுத்தெருவில் கத்திக்கொண்டே அழுதாள். அவள் கோபப்பட்டு அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை.

"உன் ஆண்டவர் பாத்துக்கிட்ட லட்சணத்தத்தான் பாத்தேனே!" என்று நானும் கத்தினேன்.

திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டான். "தங்கச்சிதான நீ? எதுக்கும் நீயும் ஒண்ணு போட்டுடு."

அதே தாள். என்னைப் பொறுத்தவரை அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. பேனாவை எடுத்தேன். மறுபடி மேசைமேலேயே வைத்துவிட்டேன்.

"ஏன், நீயும் ஜெபம் பண்றவளா?"

"இல்ல. அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. எனக்கு இருக்குற ஆத்திரத்த அவர் மூஞ்சிக்கு நேராவே காட்டிக்குவேன். உனக்கெல்லாம் எழுதிக் குடுக்க முடியாது, போய்யா!"